பாடும் கௌபாய் படங்கள்: பாட்டுத் தேர்வு, சுருதி, யோடல் பற்றி உதவி தேவை

கேள்வி: மெரிபேங்க்_ராகம்

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் மெரிபேங்க்கில் மூத்தோர் குழு ஒன்றுக்காக, பழைய அமெரிக்கக் கௌபாய் பாட்டுப் படங்களை வைத்து ஒரு சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி ஏற்பாடாகிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் எண்பதை ஒட்டியவர்கள். இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976-இல்தானே. ஆகவே அந்தப் படங்களில் பாடி நடித்த ராய் ராஜர்ஸ், ஜீன் ஆட்ரி, டோரிஸ் டே, ஹவர்ட் கீல் எல்லாரையும் தியேட்டரில், பெரிய திரையில் பார்த்தவர்கள் அவர்கள். இரண்டு மணி நேரம், நடுவில் தேநீர். திரையில் ஒரு பாட்டுக் காட்சி, அடுத்து மேடையில் நம் பாடகர்கள் ஒரு பாட்டு என்று மாறி மாறிப் போகும். பக்கவாத்தியம் கீபோர்டும் ஹார்மோனியமும்.

மூன்று இடத்தில் முட்டி நிற்கிறது. இணையத்தில் எடுத்த ராய் ராஜர்ஸ் படங்களில் பெரியவர்கள் கேட்கும் பாட்டுகள் இல்லவே இல்லை. டிவிடியோடு சேர்ந்து வாசித்தால் அதன் சுருதி ஒரு கட்டையும் இல்லை, ஒன்றரைக் கட்டையும் இல்லை, நடுவில் எங்கோ நிற்கிறது. யோடல் (நெஞ்சுக் குரலிலிருந்து பொய்க்குரலுக்குச் சட்டென்று தாவிப் பாடுவது) பாட ஒரு இளம்பெண் முன்வந்திருக்கிறாள், கர்நாடக சங்கீதம் கற்றவள். எப்படிச் சொல்லித் தருவது?

பதில்: பழைய_ரீல்

பாட்டு காணாமல் போனதற்குக் காரணம் தொலைக்காட்சிதான். ரிபப்ளிக் கம்பெனி எடுத்த ஆட்ரி, ராஜர்ஸ் படங்களை 1950-களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு விற்றபோது, விளம்பரத்தோடு ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்று சுமார் 54 நிமிடமாக வெட்டினார்கள். வெட்ட வசதியானது எது? கதையை நகர்த்தாத பாட்டு! இணையத்தில் சுற்றும் பிரதிகளில் நிறைய இந்த வெட்டுப் பிரதிகளிலிருந்து வந்தவை. எடுப்பதற்கு முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். ராஜர்ஸ் முதன்முதலில் நாயகனாக நடித்த 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' (1938) முழுசாக 65 நிமிடம். 53, 54 என்று இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் வரும் 'டஸ்ட்' ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட பாட்டு, அது இல்லாமல் அந்தப் படத்தைக் காட்டிப் பயனில்லை.

இன்னொன்று, 1947-இலிருந்து ராஜர்ஸ் படங்கள் பல ட்ரூகலரில் வந்தன. இரண்டே நிறத்தில் வேலை செய்த முறை அது, வானமும் புல்லும் ஒரு மாதிரி மங்கலாகத்தான் தெரியும். புரொஜெக்டரில் நிறத்தைக் கூட்டிச் சரிசெய்யப் போகாதீர்கள், முகமெல்லாம் செங்கல் நிறமாகிவிடும்.

எம்ஜிஎம் ஸ்டுடியோ படங்களில் கவனிக்க வேண்டியது திரையின் அகலம். 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' (1954) சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரைப் படம். மைக்கேல் கிட் அமைத்த அந்தக் களஞ்சியம் கட்டும் நடனத்தில் சகோதரர்கள், ஊர்ப் பையன்கள், பெண்கள் எல்லாரும் குறுக்கே பரவி நிற்பார்கள். பழைய டிவி அளவுக்கு நறுக்கிய பிரதியில் ஆட்டத்தில் பாதி ஓரத்தோடு போய்விடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தாலும் முழு அகலத்தில்தான் போட வேண்டும்.

பட்டியலில் ஒருவரைக் கட்டாயம் சேருங்கள்: ஹெர்ப் ஜெஃப்ரீஸ். கறுப்பினத்தவருக்குத் தனித் தியேட்டர் இருந்த அமெரிக்காவில், அந்தத் தியேட்டர்களுக்காகவே எடுத்த கௌபாய் படங்களின் நாயகன். 'ஹார்லம் ஆன் தி ப்ரெய்ரி' 1937, 'தி பிரான்ஸ் பக்கரூ' 1939. பிறகு டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவோடு 'ஃபிளமிங்கோ' பாடியவர் இவரே. தனித் தியேட்டர் என்றால் என்ன என்று நிறவெறிக் காலத்தைக் கண்ட மெரிபேங்க் கூட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை. ஒலி மட்டும் கரகரப்பாக இருக்கும், ஒரே ஒரு பாட்டோடு நிறுத்துங்கள்.

பதில்: சுருதி_சுத்தம்

உங்கள் காதில் குறையில்லை. சினிமா நொடிக்கு 24 பிரேம். நம் நாட்டுத் தொலைக்காட்சியின் 'பால்' (PAL) முறையில் வரும் டிவிடி 25 பிரேம். வேறு வழியில்லாமல் படத்தை 4 சதவீதம் வேகமாக ஓட்டிப் பதித்துவிடுகிறார்கள்; கூடவே சுருதியும் சுமார் 71 சென்ட் ஏறிவிடும். அரைக் கட்டை என்பது 100 சென்ட். அதனால்தான் இரண்டு கட்டைக்கும் நடுவில் தொங்குகிறது. 102 நிமிட 'செவன் பிரைட்ஸ்' உங்கள் டிவிடியில் 98 நிமிடத்தில் முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேகம் ஏறிய பிரதி. (சில டிவிடிகளில் வேகம் ஏறினாலும் சுருதியை மட்டும் பழையபடி இறக்கியிருப்பார்கள். ஆகவே நேரத்தைப் பார்த்ததோடு விடாமல் டியூனர் வைத்தும் பாருங்கள்.)

மூன்று வழி உண்டு. சிறந்தது புளூரே, அது 24-லேயே ஓடும். இரண்டாவது, டிவிடியைக் கணினியில் விஎல்சி என்ற மென்பொருள் மூலம் ஓட்டி வேகத்தை 0.96 ஆக்குவது. ஆனால் விஎல்சி வேகத்தைக் குறைத்தாலும் சுருதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆடியோ அமைப்பில் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' குறியை எடுத்தால்தான் சுருதியும் சேர்ந்து இறங்கும். இதைச் செய்யாமல் வேகத்தை மட்டும் மாற்றிவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று தவிப்பவர்கள்தான் அதிகம். மூன்றாவது, கீபோர்டை ஏற்றுவது: டிரான்ஸ்போஸ் +1 (அரைக் கட்டை ஏற்றம்), பிறகு டியூனிங்கை 440-லிருந்து 432.6 ஹெர்ட்ஸுக்கு இறக்கம். சரியாகப் பொருந்தும். ஹார்மோனியத்துக்கு இந்த வசதி கிடையாது, அதனால் திரையோடு சேர்ந்து வாசிக்கும் இடங்களில் அதை ஓய்வாக வைத்துவிடுங்கள்.

இணையத்தில் எடுத்த துண்டுகளும் டிவிடித் துண்டுகளும் கலந்தால் ஒவ்வொன்றும் ஒரு சுருதியில் இருக்கும். நிகழ்ச்சிக்கு முன்பே எல்லாவற்றையும் சரியான வேகத்துக்கு மாற்றி ஒரே கோப்புறையில் வரிசையாக வையுங்கள். மேடையில் நின்றுகொண்டு தேடக் கூடாது.

பதில்: சாட்ஸ்வொர்த்_குரல்

யோடலுக்கு வருகிறேன். நம் பயிற்சியில் கீழ்க்குரலிலிருந்து மேல்குரலுக்கு ஏறும்போது அந்த ஒட்டு தெரியவே கூடாது என்று வருஷக்கணக்கில் சாதகம் செய்கிறோம். யோடலில் அந்த ஒட்டைத்தான் காட்ட வேண்டும். கமகம் போட்டு இழைத்தால் போச்சு.

கீழ் ஸ்வரத்தை நெஞ்சுக் குரலில் 'ஓ' அல்லது 'ஆ' என்று திறந்து, மேல் ஸ்வரத்தை 'ஈ' அல்லது 'ஊ' என்று பொய்க்குரலில் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் ச-விலிருந்து த-வுக்குத் தாவல், மெதுவாக, நடுவில் ஜாருவே (வழுக்கிச் செல்வதே) இல்லாமல். தாவும் கணத்தில் தொண்டையை இறுக்கினால் இருமல் வரும். சத்தத்தைக் குறைத்தால் குரல் தானாக உடைந்து தாவும். தினமும் பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் குரல் கட்டும். அவளுக்கு எடுத்துக்காட்டாக முதலில் ராஜர்ஸைப் போடாதீர்கள், நம் சந்திரபாபுவைப் போடுங்கள். பிறகு பாட்ஸி மொன்டானா 1935-இல் பதிந்த 'ஐ வான்ட் டு பி அ கௌபாய்ஸ் ஸ்வீட்ஹார்ட்'. பெண்குரல் என்பதால் அவளுக்குக் கட்டையும் ஒத்துவரும்.

மெரிபேங்க்_ராகம்

நன்றி. டிவிடி 98 நிமிடம்தான், இப்போது புரிகிறது! பாட்டு வரிசைக்கு யோசனை சொல்லுங்கள். 'பெயின்ட் யுவர் வேகன்' வேண்டும் என்று ஒரு தாத்தா பிடிவாதமாக இருக்கிறார்.

பதில்: பழைய_ரீல்

1969 படம், இந்த வகைப் படங்கள் ஓய்ந்த காலத்தில் வந்தது, எனக்குப் பிடிக்காது. ஆனால் லீ மார்வினின் 'வான்டரின் ஸ்டார்' போடலாம். பாட்டா பேச்சா என்று தெரியாத கீழ்க்குரல். தாத்தாக்கள் மைக்கைப் பிடுங்குவார்கள். ஈஸ்ட்வுட்டும் சொந்தக் குரலில்தான் பாடினார். ஜீன் சீபர்குக்கு மட்டும் பின்னணி.

முதல் பாதியில் கறுப்பு வெள்ளை: ஆட்ரி, ஜெஃப்ரீஸ், சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ் என்ற பாட்டுக் குழு. அந்தக் குழுவின் பாட்டுகளை மேடையில் ஒருவர் தனியாகப் பாடினால் சப்பென்று இருக்கும், மூன்று குரல் நெருங்கி நிற்பதில்தான் அதன் உயிர். மூவர் கிடைக்காவிட்டால் திரையோடு விட்டுவிடுங்கள். தேநீருக்குப் பிறகு நிறம்: 'தி ஹார்வி கேர்ல்ஸ்' (1946) ரயில் பாட்டு, 'செவன் பிரைட்ஸ்' நடனம், 'அன்னி கெட் யுவர் கன்' (1950) படத்தில் பெட்டி ஹட்டனும் கீலும் போட்டி போடும் பாட்டு. அதே படத்தில் செவ்விந்தியர்களைக் கேலிக்கூத்தாக்கும் ஒரு பாட்டு உண்டு, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

பதில்: சுருதி_சுத்தம்

'கலாமிட்டி ஜேன்' (1953) எங்கே? 'சீக்ரெட் லவ்' ஆஸ்கர் வாங்கிய பாட்டு, அது இல்லாமல் பாட்டிகள் எழுந்திருக்க மாட்டார்கள். மேடையில் பாடுவதானால் டோரிஸ் டேயின் கட்டையிலிருந்து ஒரு முழுக் கட்டை இறக்குங்கள். தொடக்கம் அமைதியாக இருப்பதால் சுலபம் என்று தோன்றும், நடுவில் திடீரென்று மேலே எழும்போது குரல் எட்டாது. முதலில் அந்த உச்சத்தைப் பாடிப் பார்த்து, அதற்கு ஏற்ற கட்டையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தாரிடம் சாம்ரோ (இசை உரிமைச் சங்கம்) உரிமம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். படத் துண்டுகளைத் திரையிட அது போதாது, அந்த அனுமதி தனி. மின்வெட்டு ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். ஜெனரேட்டர் இருந்தாலும் புரொஜெக்டரை யுபிஎஸ் வழியாகவே இணையுங்கள்.