கடைவாய்ப்பல்லை மேலேற்றும் மினிஸ்க்ரூ: கணினி மாதிரி எதைச் சொல்லும்?

கேள்வி:
வணக்கம். கீழ்க் கடைவாய்ப்பல்லை இழந்து பல ஆண்டுகள் மாற்றுப்பல் வைக்காதவர்களுக்கு, எதிரேயுள்ள மேல் கடைவாய்ப்பல் கீழிறங்கிவிடுவதால் புதுப்பல் கட்ட இடம் இருப்பதில்லை. இறங்கிய பல்லை, தாடை எலும்பில் தற்காலிகமாகப் பதிக்கும் சிறு திருகான மினிஸ்க்ரூவின் பிடிப்பில் மீண்டும் எலும்புக்குள் ஏற்றும்போது கன்னப் பக்கத்தில் ஒரு திருகு போதுமா, அண்ணப் பக்கத்திலும் ஒன்று வேண்டுமா என்பதை பல்லையும் எலும்பையும் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமெண்ட் என்ற கணினி மாதிரியைக் கொண்டு முன்கூட்டியே அறிய முடியுமா? முதுநிலை ஆய்வேட்டுக்காகக் கேட்கிறேன்.

பதில் 1:
முடியும். சொல்லப்போனால், இந்த வகைக் கேள்விக்குத்தான் மாதிரி மிகத் தெளிவாக விடை தருகிறது. மேல் முதல் கடைவாய்ப்பல்லின் எதிர்ப்பு மையம் (விசை இதன் வழியே சென்றால் பல் சாயாமல் நகரும்) ஏறத்தாழ வேர்கள் பிரியும் இடத்தை ஒட்டி இருக்கிறது. கன்னப் பக்கத்திலிருந்து மட்டும் இழுத்தால் விசைக்கோடு அந்த மையத்துக்கு வெளியே செல்வதால், பல் மேலேறுவதோடு கன்னத்தை நோக்கிச் சாயவும் செய்யும். அப்போது அண்ணப் பக்க முகடு கீழே நின்று, கடிக்கும்போது முதலில் இடிக்கும். இரு பக்கமும் திருகு வைத்தாலோ, அண்ணத்தின் குறுக்கே கம்பி வளைவு பொருத்தினாலோ இந்தச் சாய்வு பெரிதும் குறையும். ஆனால் இரு பக்கமும் ஒரே அளவு விசை கொடுப்பதே எல்லோருக்கும் பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. கன்னப் பக்கம் இரண்டு வேர்களும் அண்ணப் பக்கம் ஒரு பெரிய வேரும் இருக்க, அவற்றின் நீளமும் விரிவும் ஆளுக்கு ஆள் மாறுவதால், விசை விகிதத்தை மாற்றி மாற்றி மாதிரியை ஓட்டிப் பார்ப்பதே உங்கள் ஆய்வின் மையமாக இருக்க வேண்டும்.

பதில் 2:
பல்வேரை எலும்போடு பிணைக்கும் லிகமெண்டைக் கவனியுங்கள். வெளி எலும்பின் யங் குணகத்தை, அதாவது விறைப்பின் அளவை, பலரும் 13.7 ஜிகாபாஸ்கல் என்றும், லிகமெண்டுக்குச் சுமார் 0.7 மெகாபாஸ்கல் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே பல்லின் அசைவு பெரும்பாலும் இந்த மெல்லிய படலத்தின் கணக்கே. அதன் தடிமன் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான் என்பதால் சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) படத்தில் அது தெளிவாகப் பிரிந்து தெரிவதில்லை, சீரான தடிமன் என்று நாமாகவே வைத்துக்கொள்கிறோம். உண்மையான லிகமெண்ட் முதலில் இளகிக் கொடுத்து, பிறகு இறுகும். விசைக்கு நேர்விகிதத்தில் அசைவைக் கணக்கிடும் நேரியல் மாதிரியில் அந்தக் குணம் வராது. பல்லை உள்ளே ஏற்றும்போது வேர்நுனியில் தகைவு (ஓரலகு பரப்பில் விழும் விசை) குவிவதால், வேர் கரைதலைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்றால் நேரியலற்ற பண்புகளைக் கொடுத்தே ஆக வேண்டும்.

பதில் 3:
மாதிரி காட்டுவது விசை கொடுத்த கணத்தின் அசைவை மட்டுமே. மாதக்கணக்கில் நடப்பது எலும்பு கரைந்து உருவாகும் உயிரியல் நிகழ்வு. எனவே எத்தனை மாதத்தில் எத்தனை மில்லிமீட்டர் ஏறும் என்று அதிலிருந்து எழுதிவிடாதீர்கள். திருகு அமைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு அது நம்பகமானது. பல் ஏற ஏற விசைக்கோடும் மாறும் என்பதால், தொடக்க நிலையோடு நிறுத்தாமல், நகர்ந்த நிலையிலும் மீண்டும் கணக்கிடுங்கள்.