ஹாலிவுட் ஆடல்பாடல் படமான ‘சிங்கிங் இன் த ரெய்ன்’ எங்கள் மூவருக்கும் அறிமுகமான விதம்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், இரவில் கார்ட்டூன் நெட்வொர்க் முடிந்ததும் அதே அலைவரிசையில் பழைய ஹாலிவுட் படங்கள் தொடங்கிவிடும். பூனையும் எலியும் ஓடிக்கொண்டிருந்த திரையில் திடீரென்று மனிதர்கள் வந்து நிற்பதைச் சிறுவனாக இருந்த நான் ஒரு தண்டனையாகவே கருதினேன். எழுந்து போகச் சோம்பல்பட்டு உட்கார்ந்திருந்த ஓர் இரவில்தான் மஞ்சள் மழைக்கோட்டு அணிந்த மூவர் குடைகளோடு திரையில் தோன்றினார்கள். மழைப் பாட்டு அன்று என் மனத்தில் பெரிதாகப் பதியவில்லை. சுவரில் ஓடி ஏறிக் குட்டிக்கரணம் அடித்த டொனால்ட் ஓ’கானரைப் பார்த்துத்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த ஆட்டம் முடிந்தபின் அவர் களைத்துப் படுத்துவிட்டார் என்பதும், படச்சுருள் பழுதானதால் அத்தனையையும் இன்னொரு முறை ஆட நேர்ந்தது என்பதும் பல ஆண்டுகளுக்குப் பின் படித்துத் தெரிந்துகொண்டவை. மழையில் நனைந்து ஆடிய நாயகன் ஜீன் கெல்லிக்கு அன்று 103 டிகிரி காய்ச்சல். அவர் 1945-லேயே ‘ஆங்க்கர்ஸ் அவே’ படத்தில் ஜெர்ரி எலியோடு கைகோத்து ஆடியவர் என்று அப்போதே தெரிந்திருந்தால், கார்ட்டூன் முடிந்துவிட்டதே என்று அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன்.

* * *

சென்னையில் நெடுங்காலமாகப் பின்னணிக் குரல் கொடுத்துவரும் நான், இப்படத்தை ஒரு தொழிலாளியின் கண்ணோடுதான் பார்த்தேன். மௌனப்படங்கள் பேசத் தொடங்கிய 1927-இல் கதை நிகழ்கிறது. கதைக்குள் எடுக்கப்படும் படத்தின் முன்னோட்டத் திரையிடலில் ஒலி பிசகி, நாயகியின் வாயசைவுக்கு வில்லனின் குரலும் வில்லனின் வாயசைவுக்கு நாயகியின் குரலும் வரும்போது அரங்கமே சிரிக்கிறது. எனக்கோ, ஒரு மூச்சு முந்திவிட்டதற்காக முழு வசனத்தையும் திரும்பப் பேசிய நாள்கள் நினைவுக்கு வந்தன. கதைப்படி, கீச்சுக்குரல் கொண்ட நட்சத்திரம் லினாவுக்காக டெபி ரெனால்ட்ஸின் பாத்திரமான கேத்தி மறைவில் நின்று பேசுகிறாள். உண்மையில் அந்த வசனங்களில் நாம் கேட்பது, லினாவாக நடித்த ஜீன் ஹேகனின் இயல்பான, இனிய குரலையே! கேத்தி பாடுவதாக வரும் ‘வுட் யூ’ பாடலைப் பாடியவரோ பெட்டி நாய்ஸ். மறைந்து நின்று பேசுபவளுக்கு நீதி கேட்கும் ஒரு படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை என்பதை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

* * *

முப்பது வயதுக்கு மேல் பரதம் கற்கத் தொடங்கி, குழந்தைகளுக்கு நடுவே தட்டடவு என்னும் அடிப்படை அடவில் தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில் இப்படத்தைப் பார்த்தவள் நான். படப்பிடிப்பின்போது டெபி ரெனால்ட்ஸுக்கு வயது 19. அவருக்கு உடற்பயிற்சி வித்தைகள் தெரியுமே தவிர முறையான நடனப் பயிற்சி கிடையாது. படத்தை இணைந்து இயக்கிய கெல்லியின் கண்டிப்பைத் தாங்க முடியாமல் அவர் ஒரு பியானோவின் அடியில் ஒளிந்து அழுதுகொண்டிருந்தபோது அவ்வழியே வந்தவர் புகழ்பெற்ற நடனக் கலைஞர் ஃபிரெட் அஸ்டேர். அஸ்டேர் வெறும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போகாமல், தம்முடைய ஒத்திகைக்கு அழைத்துச் சென்று, தாமும் எவ்வளவு வியர்த்து உழைக்க வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டினாராம். இதைப் படித்த வாரத்தில்தான் நான் வகுப்பை விட்டுவிடும் எண்ணத்தைக் கைவிட்டேன். இந்தப் படமும் பிரசவமும்தான் தம் வாழ்வில் மிகக் கடினமானவை என்று டெபி பின்னாளில் கூறியிருக்கிறார். ‘குட் மார்னிங்’ பாடலை அவரும் கெல்லியும் ஓ’கானரும் காலையில் தொடங்கி இரவு 11 மணி வரை ஆடியதில் டெபியின் பாதங்களில் ரத்தம் கசிந்திருந்ததாம். ஆகையால் அப்பாடலின் முடிவில் மூவரும் சோஃபாவைக் கவிழ்த்துவிட்டு விழுந்து சிரிக்கும் போதெல்லாம் அவருடைய முகத்தை விட்டுவிட்டுக் காலணிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.