பீட்டாவ நோண்டி வச்சுக்கிட்டு பக் ரிப்போர்ட் போடலாமா, கூடாதா?

பூட்_பாண்டி:
மக்களே, கொஞ்சம் கோவத்தோடதான் எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரம் நம்ம நீலபேட்ஜ் தம்பி வின்டோஸ் 11 டெவ் சேனல் பில்டுல, அதான் வெளியிடறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்க விடற பதிப்புல, எக்ஸ்ப்ளோரர் தமிழ் ஃபைல் பேரோட தலைய வெட்டுதுன்னு ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டாரு. "மீன் குழம்பு"ன்னு ஃபோல்டர் பேரு, மீ மேல இருக்கற சுழி பாதி காணோம். எல்லாரும் ஃபீட்பேக் ஹப்ல, அதான் மைக்ரோசாஃப்டுக்கு குறை எழுதற ஆப்ல, போய் அப்வோட் போடுங்கன்னு கேட்டாரு, நானும் போட்டேன், இங்க பாதிப் பேரு போட்டீங்க. நேத்து ராத்திரி பழைய லேப்டாப்ப துடைச்சு அதே பில்ட புதுசா ஏத்திப் பார்த்தேன். சுழி முழுசா இருக்கு. ஸ்கேலிங் 100, 125, 150 மூணுலயும் பார்த்துட்டேன், ஒரு பிக்சல் கூட வெட்டல. அப்புறம்தான் அவரோட படத்த பெருசாக்கிப் பார்த்தேன், அதுல இங்கிலீஷ் எழுத்தே வின்டோஸோட வழக்கமான சீகோ யூஐ ஃபான்ட் இல்ல. ரெஜிஸ்ட்ரில (வின்டோஸோட உள் அமைப்பெல்லாம் இருக்கற இடம்) சிஸ்டம் ஃபான்டையே மாத்தி வச்சிருக்காரு, டாஸ்க்பார் வேற ஏதோ டூல் போட்டு மேல ஏறி உக்காந்திருக்கு. இத வச்சு பக்னு சொன்னா எப்படி? நோண்டறது உங்க இஷ்டம், நான் தடுக்கல. நோண்டின மெஷின்லேர்ந்து ரிப்போர்ட் போடாதீங்க, அவ்வளவுதான் நான் கேக்கறது.

நீலபேட்ஜ்:
பாண்டிண்ணே, ஃபான்ட் மாத்தினது நிஜம், மறைக்கல, யாரும் கேக்கல அதனால சொல்லல. இன்னிக்கு வேலை முடிஞ்சு வந்து ஃபான்ட பழையபடி வச்சு பார்த்துட்டு சொல்றேன். ஆனா நோண்டறவன் ரிப்போர்ட்டே போடக் கூடாதுன்னு நீங்க சொல்றத என்னால ஒத்துக்க முடியாது, ஏன்னா பீட்டால பெரிய ஓட்டைய எல்லாம் கண்டுபிடிச்சதே நோண்டறவங்கதான்.

நான் இந்தப் பேரு வச்சதுக்கு காரணமே அதுதான். 2008 அக்டோபர்ல லாஸ் ஏஞ்சலஸ்ல நடந்த பிடிசிங்கற மைக்ரோசாஃப்ட் டெவலப்பர் மாநாட்டுல வின்டோஸ் 7 ஓட புது டாஸ்க்பார மேடைல காட்டினாங்க, ஆனா வந்தவங்க கையில குடுத்த 6801 பில்டுல அது இல்ல, பழைய விஸ்டா மாதிரியே இருந்துச்சு. ரஃபேல் ரிவேரான்னு ஒருத்தர் எக்ஸ்ப்ளோரர் ஃபைலப் பிரிச்சுப் பார்த்தா கோட் எல்லாம் உள்ளதான் இருக்கு, மைக்ரோசாஃப்ட் டொமைன்ல இருக்கற மெஷினான்னு பார்த்துட்டுத்தான் டாஸ்க்பார திறந்து விடுது. அந்தப் பூட்ட தட்டிவிடறதுக்கு அவர் எழுதின டூலுக்குத்தான் ப்ளூ பேட்ஜ்னு பேரு, அங்க நிரந்தர வேலைல இருக்கறவங்க கழுத்துல தொங்கறது நீல பேட்ஜ்.

அதே ஆளும் லாங் ஜெங்னு இன்னொருத்தரும் 2009 ஜனவரி கடைசில வின்டோஸ் 7 ஓட 7000 பீட்டால யூஏசி (சிஸ்டத்த மாத்தறதுக்கு முன்னாடி அனுமதி கேக்கற பாதுகாப்பு) ஓட்டைய காட்டினாங்க. ஒரு குட்டி ஸ்கிரிப்ட் கீபோர்ட்ல தட்டற மாதிரி கீய அனுப்பி யூஏசியையே அணைச்சுடும், பயனருக்கு ஒரு கேள்வி கூட வராது. மைக்ரோசாஃப்ட் மொதல்ல இது வடிவமைப்பே இப்படித்தான்னு சொல்லிச்சு, அப்புறம் எதிர்ப்பு கிளம்பினதும் பிப்ரவரி மொத வாரத்துலயே மாத்தறோம்னு அறிவிச்சுது. நோண்டாம வெறுமனே ஏத்தி வச்சு பார்த்துக்கிட்டு இருந்தா இது வெளிய வந்திருக்குமா அண்ணே?

சர்வீஸ்கடை_மணி:
ரெண்டு பேரும் பெரிய விஷயமா பேசறீங்க, நான் கடைல உக்காந்து பாக்கறத சொல்றேன். காலேஜ் பசங்க இருக்கற ஒரே லேப்டாப்ல டெவ் சேனல் போட்டுட்டு வர்றாங்க. ஏன்டா தம்பின்னா யூடியூப்ல பார்த்தேன் அண்ணா புது ஸ்டார்ட் மெனு வருதுங்கறான். போன செமஸ்டர்ல ஒரு பையன், மறுநாள் ப்ராஜெக்ட் ரிவ்யூ, சாயந்தரம் ஏழு மணிக்கு வந்து பழைய வின்டோஸுக்கு திருப்பிக் குடுங்க அண்ணாங்கறான். பின்னாடி போறதுக்கு இருக்கற பத்து நாள் தாண்டிடுச்சு, இனிமே துடைச்சுட்டுத்தான் ஏத்தணும், அது சேரும்போதே திரைல எழுதியிருக்கு, அவன் படிக்கல. பேக்கப் கிடையாது. ராத்திரி பதினொன்னு வரைக்கும் உக்காந்து அவன் டேட்டாவ வெளி டிஸ்க்ல எடுத்தோம். நல்லா படிக்கற பையன், கை நடுங்கிக்கிட்டே நின்னான். நீங்க ரிப்போர்ட் போடுங்க போடாதீங்க, ஆனா சின்னப் பசங்க படிக்கற இடத்துல சொந்த மெஷின்ல பீட்டா போடுன்னு மட்டும் எழுதாதீங்க.

யாழ்_நிரோ:
மணி அண்ணை சொல்லுறது சரி. நான் 2009ல விண்டோஸ் 7 பீட்டா போட்டனான், அந்த நீலத் திரையில பெட்டா மீன் நிக்கிற வால்பேப்பர் இப்பவும் கண்ணுக்க நிக்குது. அதில ஒரு எம்பி3 பிரச்சினை இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கோ தெரியேல்ல, பெரிய ஹெடர் உள்ள பாட்டு ஃபைலில மீடியா பிளேயர் தகவல் எழுதேக்க பாட்டின்ர தொடக்கத்தில சில செக்கன்கள் வெட்டுப்பட்டுப் போகும். ஒரு பேட்ச் விட்டவை, அதை முதல் போடச் சொல்லியும் அறிவிச்சவை. பாட்டெல்லாத்தையும் முதல்ல டிவிடியில எழுதி வை எண்டு அப்பா சொன்னதாலதான் நான் பயப்பிடாமல் இருந்தனான்.

ஆனா இந்த வாக்குவாதத்துக்கு நேரா ஒரு விசயம் இருக்கு. பீட்டாவில இருந்து ஆர்சிக்கு (கடைசி வெளியீட்டுக்கு முன்னம் வாற பதிப்பு), அதாவது 7000ல இருந்து 7100க்கு நேர அப்கிரேட் பண்ண விடேல்ல. விஸ்டாவுக்கு திரும்பிப் போய் அங்க இருந்து வாங்கோ எண்டு மைக்ரோசாஃப்ட் பொறியியல் குழுவே எழுதினது, ஏனெண்டா கடையில வாங்கிற சனம் விஸ்டாவில இருந்துதான் வரப்போகுது, அந்தப் பாதையிலதான் தங்களுக்கு தகவல் வேணும், பீட்டாவில இருந்து வாறது வெளியில ஒருத்தருக்கும் நடக்காத கதை. அதையும் சொல்லிப்போட்டு, ஏலாது எண்டிறவைக்கு வழியையும் அவையளே குடுத்தவை: சோர்சஸ் ஃபோல்டருக்குள்ள சிவெர்ஷன் ஐஎன்ஐ எண்ட ஃபைலத் திறந்து எந்த பில்டில இருந்து ஏற விடலாம் எண்டு சொல்லுற மின்கிளையன்ட் எண்ட வரியில 7077 எண்டு இருக்கிறதை 7000 ஆக்க வேணும். நான் நோட்பேட்டில மாத்தித்தான் ஏறினனான். எண்டபடியா நோண்டிறது பிழையெண்டு நான் சொல்ல மாட்டன், ஆனா அப்பிடி ஏறின மெசினில வந்த பிழையை நான் அனுப்பேல்ல. பாண்டி சொல்லுறது அந்த அளவில எனக்குச் சரியெண்டுதான் படுது.

நீலபேட்ஜ்:
நிரோ அண்ணா, தகவல் அருமை. ஆனா அது 2009. அப்ப எல்லார் கையிலயும் ஒரே 7000. இப்ப சுத்தமான மெஷின்னு ஒண்ணு எங்க இருக்கு? பாண்டிண்ணன் லேப்டாப்லயும் என் மெஷின்லயும் ஒரே பில்ட் நம்பர்தான், வின்வெர் அடிச்சா ஒரே எக்ஸ்பயரி தேதிதான் காட்டும், ஆனா அவருக்கு ஒரு வசதி வந்திருக்கும் எனக்கு வந்திருக்காது, ஏன்னா கொஞ்சம் கொஞ்சம் பேருக்கா பிரிச்சு விடறாங்க. கோட் எல்லார் டிஸ்க்லயும் இறங்கியாச்சு, சுவிட்ச் மட்டும்தான் அணைஞ்சு கிடக்கு. நான் ஒளிஞ்சு கிடக்கற வசதிய திறக்கற விவ்டூல்ங்கற டூல்ல அந்த வசதியோட ஐடி நம்பர குடுத்து எனேபிள் பண்ணி ரீஸ்டார்ட் பண்றேன், அவ்வளவுதான். வெளிலேர்ந்து எதையும் கொண்டு வந்து சொருகல. அவங்களே உள்ள யூஸ் பண்ற ஸ்டேஜிங்டூல் 2023 ஆகஸ்ட்ல தெரியாம வெளிய வந்துச்சே, அதுவும் செய்யறது இதேதான். ஃபான்ட் மாத்தறதையும் இதையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

பூட்_பாண்டி:
வேற வேறதான், ஒத்துக்கறேன். ஆனாலும் எனக்கு வந்த சுவிட்ச் எதுன்னு அவங்க கணக்குல இருக்கு, திறந்தவனுக்கு எப்படி இருக்கு திறக்காதவனுக்கு எப்படி இருக்குன்னு ஒப்பிடத்தான் பிரிச்சே விடறாங்க. நீ அடிச்சுத் திறந்தா நீ அந்த ரெண்டு கூட்டத்துலயும் இல்ல. அதோட அணைச்சு வச்சிருக்கறதுன்னாலே பாதி முடிஞ்ச வேலையா இருக்கலாம், அதுல பட்டன் அமுங்கலைன்னு எழுதி யாருக்கு என்ன லாபம்? சமையல் முடியறதுக்கு முன்னாடி அடுப்புல கிடக்கறத தொட்டு நாக்குல வச்சுட்டு உப்பு பத்தலைன்னு சொல்ற மாதிரி இருக்கு.

ஷெல்ல, அதாவது டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு மாதிரி வெளித்தோற்றத்த, மாத்தற டூல் பத்தியும் சொல்லிடறேன். 2023 பிப்ரவரி கடைசில கேபி5022913ங்கற வின்டோஸ் 11 அப்டேட் வந்தப்ப எக்ஸ்ப்ளோரர்பேட்சர், ஸ்டார்ட்ஆல்பேக் பழைய வெர்ஷன் போட்டிருந்த மெஷின்ல எக்ஸ்ப்ளோரர் விழுந்து எந்திரிச்சு விழுந்து எந்திரிச்சு டெஸ்க்டாப்பே வராம போகலாம்னு மைக்ரோசாஃப்ட் பேரு சொல்லியே அறிவிச்சுது. டூல் எழுதறவங்கள நான் குறை சொல்லல, அவங்க வெளிய சொல்லாத உள் ஃபங்ஷன்களப் பிடிச்சு எழுதறாங்க, உள்ள ஒண்ணு நகர்ந்தா இது உடையத்தான் செய்யும். அந்த உடைசல வின்டோஸ் பக்னு எழுதறதுதான் தப்பு.

கயல்_கீபோர்டு:
பாண்டி அண்ணா, நீலபேட்ஜ், உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரேன். எனக்கு இதுல வலிக்கற இடம் அப்வோட்தான்.

2018 அக்டோபர் 2ம் தேதி வின்டோஸ் 10 ஓட 1809 அப்டேட்ட விட்டாங்க, சில பேருக்கு டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்ல இருந்த ஃபைல் எல்லாம் போயிடுச்சு. அந்த ஃபோல்டர வேற டிரைவுக்கு திருப்பி விட்டிருந்தவங்க மெஷின்ல, பழைய இடத்துல இருக்கறது காலி ஃபோல்டர்னு நினைச்சு அப்டேட் அத அழிச்சுது, ஆனா சில பேருக்கு அங்கயும் ஃபைல் இருந்துச்சு. நாலு நாள்ல நிறுத்திட்டு, சரி பண்ணி நவம்பர் 13ம் தேதிதான் திரும்ப விட்டாங்க. இதுல கொடுமை என்னன்னா, இன்சைடர்கள், அதான் முன்கூட்டியே சோதிக்கறவங்க, மாசக்கணக்கா முன்னாடியே ஃபீட்பேக் ஹப்ல எழுதியிருந்தாங்க, ஃபைல் போயிடுச்சுன்னு. ரொம்ப கொஞ்சம் அப்வோட்தான், அதனால யார் கண்ணுலயும் படல. அப்புறம்தான் பாதிப்பு எவ்வளவுன்னு குறிக்கற இடத்தையே ஹப்ல சேர்த்தாங்க.

அதனால நீலபேட்ஜ், நீங்க ரிப்போர்ட் போட்டது எனக்கு கோவம் இல்ல. போட்டுட்டு எங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போய் அப்வோட் போட வச்சீங்க பாருங்க, அதுதான் கோவம். நாங்களும் சொந்தமா பார்க்காம போட்டோம், அது எங்க தப்பு. தமிழுக்குன்னு அங்க வர்ற ரிப்போர்ட்டே கைவிரல் விட்டு எண்ணிடலாம் போல இருக்கு. 2018 கடைசில 18272 பில்டுல தமிழ் ஃபொனட்டிக் கீபோர்டு மொத மொதல்ல இன்சைடர்களுக்கு வந்தப்போ நான் ராத்திரி ராத்திரியா உக்காந்து "கொ" அடிச்சு பேக்ஸ்பேஸ் தட்டினா கொம்பும் காலும் சேர்ந்து போய் "க" மிச்சம் நிக்குதா, "க்ஷ" எப்படி உடையுதுன்னு ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்து எழுதினேன். இருக்கறதே கொஞ்சம் குரல், அதுல ஒண்ணு பொய்யாப் போனா அடுத்த தடவ நிஜமான சுழி வெட்டு வரும்போது நம்பணுமே.

சர்வீஸ்கடை_மணி:
கயல் சொன்னது நியாயம். ஒரு சந்தேகம், ஹைப்பர்-வில ஒரு விஎம் (மெஷினுக்குள்ளயே ஓடற போலி மெஷின்) போட்டு அதுல சுத்தமா வச்சு பார்த்துட்டா முடிஞ்சுதே, எதுக்கு இவ்வளவு சண்டை?

பூட்_பாண்டி:
பாதி விஷயத்துக்கு போதும் மணி சார். இந்த சுழி விவகாரம் மாதிரி எழுத்து, மெனு, செட்டிங்ஸ் எல்லாம் விஎம்ல தெரிஞ்சுடும், செக்பாயின்ட் போட்டுட்டா உடைஞ்சாலும் ஒரு நிமிஷத்துல பின்னாடி வந்துடலாம். தூங்கப் போட்ட லேப்டாப் எந்திரிக்கல, வைஃபை விட்டு விட்டு வருது, விரல் ரேகை எடுக்கல, இதெல்லாம் நிஜ மெஷின்ல மட்டும்தான் தெரியும். நான் அதுக்குத்தான் ரெண்டாவது எஸ்எஸ்டி வாங்கி அதுல தனியா ஏத்தி வச்சிருக்கேன், ஏத்தும்போது வேலை டிஸ்க்க கழட்டி வச்சுட்டுத்தான் ஏத்துவேன்.

யாழ்_நிரோ:
ஒரு முழு டிஸ்கையே ஃபைலா வச்சிருக்கிற விஎச்டிஎக்ஸ் ஃபைலில இருந்து நேர பூட் பண்ணிற வழியும் இருக்கு, பார்ட்டிஷன் பிரிக்கத் தேவையில்ல, டிரைவரெல்லாம் நிஜ மெசினில ஓடும். ஆனா அப்பிடி பூட் ஆகினதில புது பில்டுக்கு அப்கிரேட் ஏறாது, அதுதான் இடைஞ்சல். ஒவ்வொரு பில்டும் சோதிக்கிற ஆக்களுக்கு பாண்டி சொல்லுற ரெண்டாவது எஸ்எஸ்டிதான் நல்லம்.

நீலபேட்ஜ்:
வந்துட்டேன். ரெஜிஸ்ட்ரில ஃபான்ட்ஸப்ஸ்டிட்யூட்ஸ்ல நான் போட்டிருந்த வரிய அழிச்சு, ஃபான்ட்ஸ் கீல சீகோ யூஐ ஃபைல் பேரெல்லாம் திரும்ப எழுதி, ரீஸ்டார்ட் பண்ணேன். "மீன் குழம்பு" சுழியோட முழுசா நிக்குது. காரணமும் புரியுது, தமிழ் எழுத்து நிர்மலா யூஐங்கற ஃபான்ட்லேர்ந்துதான் வருது, ஆனா வரியோட உயரத்த நான் வச்ச குட்டை ஃபான்ட் தீர்மானிச்சிருக்கு, அதனால மேல தூக்கின சுழி வெளிய போயிடுச்சு. தப்பு என் மேலதான். ஹப்ல ரிப்போர்ட்டுக்கு கீழயே இத எழுதிட்டேன், அப்வோட் போட்டவங்க தயவுசெஞ்சு எடுத்துடுங்க. கயல், உங்ககிட்ட தனியா மன்னிப்பு கேக்கறேன், அந்த கோணத்துல நான் யோசிக்கவே இல்ல.

ஆனா பாண்டிண்ணே, விவ்டூல் விஷயத்துல நான் மாறல. இனிமே என்ன எழுதினாலும் மொத வரில எந்த ஐடி திறந்திருக்கேன், எந்த டூல் ஓடுதுன்னு போட்டுடுவேன். விவ்டூல்ல ஃபுல்ரீசெட் குடுத்து எல்லாத்தையும் பழையபடி ஆக்கி, அப்பவும் வந்தாதான் பக்னு எழுதுவேன்.

பூட்_பாண்டி:
தேடிப் பார்த்து வந்து சொன்னதுக்கு நன்றி தம்பி, நிறைய பேரு இத செய்ய மாட்டாங்க. மொத வரில எழுதறது நல்லது, ஆனா படிக்கற இன்ஜினியருக்கு உன் மெஷின் கைல இல்ல, அதனால எனக்கு இன்னும் மனசு ஒப்பல. ஃபுல்ரீசெட் குடுத்த பிறகு வந்தா போடு, அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல. என் அப்வோட்ட எடுத்துட்டேன்.

கயல்_கீபோர்டு:
நானும் எடுத்துட்டேன். நீலபேட்ஜ், இப்ப சீகோ யூஐ திரும்ப வந்திருக்குல்ல, அதே மெஷின்ல ஸ்டார்ட் மெனு தேடல்ல "கௌ", "கெள" (பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ரெண்டாவது கெ, ள தனித்தனி எழுத்து) ரெண்டையும் தனித்தனியா அடிச்சு என்ன வருதுன்னு பாருங்களேன். பாண்டி அண்ணா, நீங்க உங்க எஸ்எஸ்டில அதே பாருங்க. ரெண்டும் ஒத்துப் போனா மட்டும் நான் எழுதறேன்.