மக்கள் நலக் கூட்டணிய முடிச்சு வச்சது கேப்டனா, கணக்கா?

உச்சிவெயில்:
2016 தேர்தல்ல மதிமுக, விசிக, சிபிஐ, சிபிஎம் நாலும் சேர்ந்து நின்ன மக்கள் நலக் கூட்டணி இன்னிக்கு வெறும் மீம் சரக்கா ஆயிடுச்சு. ஆனா 2015ல கிளம்பினப்ப ரெண்டு கழகமும் வேணாம், கூட்டணி ஆட்சி, குறைந்தபட்ச செயல்திட்டம்னு பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. 2016 மார்ச் 23 தேமுதிக தலைவர் கேப்டன் விஜயகாந்த் முதல்வர் வேட்பாளரா உள்ள வந்தாரு பாருங்க, அன்னிக்கே கதை முடிஞ்சுதுங்கறது என் வாதம். மறுக்கறவங்க வாங்க.

பூட்டுசாவி:
மறுக்கறேன் பாஸ். நாலு பேரும் மட்டும் நின்னிருந்தா என்ன கிழிச்சிருப்பாங்க? ரிசல்ட்ட எடுத்து பாருங்க, நாலு கட்சிக்கும் தனித்தனியா ஒரு பர்சன்ட் கூட வரல. கேப்டன் 2006ல தனியா நின்னு 8.4, 2009ல 10 தாண்டினவரு, 2011ல எதிர்க்கட்சித் தலைவரு. அந்த நேரத்துல சந்தைல இருந்த ஒரே பெரிய ஆளு அவருதான். காஞ்சிபுரம் மாநாட்டுல கிங்கா கிங் மேக்கரான்னு கேட்டப்ப கூட்டம் கிங்னு கத்துச்சே, அதுக்கப்புறம் அவர் யாருக்கு கீழ போய் நிப்பாரு?

உச்சிவெயில்:
2009 கணக்க 2016ல காட்டினா எப்படி? 2014லயே 5.1க்கு இறங்கிட்டாரு, பதினாலு தொகுதில ஒண்ணு கூட தேறல. அந்த கட்சிக்கு 104 சீட்ட தூக்கி குடுத்துட்டு மதிமுக 29, விசிக 25, ரெண்டு கம்யூனிஸ்டும் ஆளுக்கு 25. கூட்டணி ஆட்சின்னு சொன்னவங்களே கேப்டன் விஜயகாந்த் அணின்னு பேர மாத்திக்கிட்டு சுத்தினாங்க. தனிநபர் அரசியல் வேணாம்னு சொல்லித்தானய்யா ஆரம்பிச்சீங்க.

செஞ்சட்டை:
நான் அப்ப வீடு வீடா நோட்டீஸ் குடுத்தவன், சொல்றேன் கேளுங்க. கேப்டன் வர்றதுக்கு முன்னாடி செயல்திட்டத்த பத்தி மூச்சு விடாம பேசுவோம், விவசாயம் மதுவிலக்கு லோக் ஆயுக்தா எல்லாம் சொல்லி முடிப்போம், வீட்டுக்கார அம்மா பொறுமையா கேட்டுட்டு “அதெல்லாம் சரி தம்பி, உங்கள்ல முதலமைச்சர் யாரு” அப்டின்னு ஒரே கேள்வி கேக்கும். தேர்தலுக்கு அப்புறம் முடிவு பண்ணுவோம்னு சொன்னா நோட்டீஸ மடிச்சு விசிறிக்க ஆரம்பிச்சுரும். அதனாலதான் பேர் தேவைப்பட்டுச்சு. பேர் வந்ததுக்கப்புறம் வேற சிக்கல், வாசல்ல நின்னா பசங்க போன்ல கேப்டன் பேசுற வீடியோவ போட்டு காட்டி சிரிப்பானுங்க. உடம்பு முடியாத மனுசன்னு அப்ப எவனும் யோசிக்கல.

கழகக்கண்மணி:
அழுகாச்சி போதும் தோழர். அதிமுகவோட பி டீம் நீங்க. எங்க திமுக கூட்டணிக்கும் அவங்களுக்கும் வித்தியாசம் ஒரு பர்சன்ட் சொச்சம்தான், நீங்க வாங்கினது எல்லாம் சேர்த்து ஆறு பர்சன்ட். ராதாபுரத்துல 49 ஓட்டு, கோவில்பட்டில 428 ஓட்டுலதான் நாங்க தோத்தோம். கோவில்பட்டி கதைய வேற சொல்லணுமா? மனு போடப் போன வைகோ கடைசி நேரத்துல நான் நிக்கல, இன்னொருத்தர் நிப்பார்னு சொல்லிட்டு கிளம்பினாரு. ஒருங்கிணைப்பாளரே நிக்காத கூட்டணிக்கு ஜனங்க ஏன் ஓட்டு போடணும்?

செஞ்சட்டை:
வைகோ பின்வாங்கினது அசிங்கம்தான், அன்னிக்கு ராத்திரி எங்க ஆபீஸ்ல யாரும் யார் மூஞ்சியையும் பாக்கல. ஆனா பி டீம்னா ஆதாரத்த வைங்க. காட்டுமன்னார்கோயில்ல விசிக தலைவர் திருமா அதிமுககிட்ட 87 ஓட்டுல தோத்தாரு, அங்க உங்க கூட்டணி காங்கிரஸ் மூணாவதா வந்து 37 ஆயிரம் வாங்குச்சு. அங்க யார் யார் ஓட்ட பிரிச்சா? அதிமுகவ ஜெயிக்க வச்சது நீங்கன்னு நான் சொல்லலாமா?

பூட்டுசாவி:
இது செம பாயிண்ட் 😄 அதோட கலைஞர் பழம் நழுவி பாலில் விழும்னு கேப்டனுக்கு காத்துக்கிட்டு இருந்தது மறந்துருச்சா கண்மணி? அவர் உங்க பக்கம் வந்திருந்தா இந்த வீடியோ கிண்டல் எதுவும் உங்க ஆளுங்க போட்டிருக்க மாட்டாங்க.

உச்சிவெயில்:
நான் சொன்னதுக்கு யாரும் பதில் சொல்லல. தோத்தது பிரச்சனையே இல்ல, 234லயும் முட்டை, கேப்டனுக்கே உளுந்தூர்பேட்டைல டெபாசிட் காலி, சரி. அதுக்கப்புறம் உள்ளாட்சி அது இதுன்னு அஞ்சு வருசம் நின்னு பாத்திருக்கலாம்ல? டிசம்பர்லயே மதிமுக வெளிய போயிடுச்சு. 2019ல நாலு பேரும் திமுக பக்கம். 1994ல திமுகவ விட்டு வந்து ஆரம்பிச்ச கட்சி மதிமுக, அது ஈரோட்டுல திமுக சின்னம் உதயசூரியன்லயே நின்னு ஜெயிச்சுது.

கழகக்கண்மணி:
ஜெயிச்சாங்கல்ல, அப்புறம் என்ன? தனியா நின்னா முட்டை, எங்களோட வந்தா எம்பி.

செஞ்சட்டை:
எம்பி வந்துச்சு, பேரம் பேசுற பலம் போயிடுச்சு. 2011ல அதிமுக கூட்டணில சிபிஎம் 10, சிபிஐ 9 எம்எல்ஏ. 2021ல உங்களோட நின்னதே ஆறு ஆறு, ஜெயிச்சது ரெண்டு ரெண்டு. விசிக, மதிமுகவுக்கும் அதே ஆறுதான். நாலு பேரும் தனித்தனியா திமுக ஆபீஸ் அறிவாலயத்துக்கு போய் தனித்தனியா கையெழுத்து போட்டாங்க, என் கோவமெல்லாம் அதுல. ஒண்ணா போய் உக்காந்திருந்தா 24ங்கறது வேற மாதிரி பேச்சு.

கழகக்கண்மணி:
ஒண்ணா வந்திருந்தா நாலு பேருக்கும் சேர்த்து 15னு முடிச்சிருப்போம் 😂

பூட்டுசாவி:
இவ்ளோ நேரம் பேசறோம், 26 சீட்டு வாங்கிட்டு அந்த கூட்டணில கடைசியா ஏறின வாசனோட தமாகாவ ஒருத்தர் கூட ஞாபகம் வச்சுக்கல பாருங்க.