மறு: ஆடிக்கொண்டே பயிற்சியும் தருபவருக்கு என்ன சொல்?

ஐயா, வணக்கம்.

ஆங்கிலத்தில் "player-coach" எனப்படுபவருக்கு முன்வைக்கப்பட்ட "வீரர்-பயிற்சியாளர்" எனக்குச் சரிப்படவில்லை. நடுவில் உள்ள கோடு அச்சில் விழுந்துபோனால் வீரர்களுக்குப் பயிற்சி தருபவர் என்றுதான் படிப்பார்கள். எல்லாப் பயிற்சியாளரும் அதைத்தானே செய்கிறார்கள்!

நான் எழுதுவது ஃபிரிட்ஸ் பொல்லார்டு பற்றி. 1894இல் சிகாகோவில் பிறந்த கறுப்பின அமெரிக்கக் காற்பந்து ஆட்டக்காரர். 1920இல் அக்ரன் புரோஸ் அணி ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டம் வென்றபோது பந்தை ஏந்தி ஓடியவர். மறு ஆண்டு எல்ஜி டோபினோடு சேர்ந்து அதே அணிக்குப் பயிற்சியும் கொடுத்தார், ஆட்டத்தையும் விடவில்லை. அவருக்கு அப்புறம் என்எஃப்எல்லில் (அமெரிக்கக் காற்பந்தின் தொழில்முறை லீக்) இன்னொரு கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் வர 1989 ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் இது சிக்கனத்துக்காக மட்டும் செய்த ஏற்பாடு இல்லை. ஆட்டம் நடக்கும்போது வெளியே உட்கார்ந்து யோசனை சொல்ல விதி விடவில்லை. பெஞ்சிலிருந்து வழிகாட்டலாம் என்று என்எஃப்எல் ஒப்புக்கொண்டது 1944இல்தான். களத்துக்குள் இருப்பவர்தான் அங்கேயே முடிவெடுக்க முடியும். ஜார்ஜ் ஹாலஸ், கர்லி லாம்போ போன்ற அந்தக் காலப் பயிற்சியாளர்கள் எல்லாரும் அப்படித்தான். கை சேம்பர்லின் இப்படி ஆடிக்கொண்டே 1922 முதல் 1926க்குள் மூன்று ஊர் அணிகளுக்கு நான்கு பட்டம் வாங்கித் தந்தார். ஆகவே சொல்லின் அழுத்தம் "ஆடும்" என்பதில் விழ வேண்டும்.

என் பரிந்துரை: ஆடும் பயிற்றுநர். "ஆடும் லெவன்" என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. டேவிஸ் கோப்பை டென்னிஸில் "விளையாடாத கேப்டன்" உண்டு. பயிற்சி பெறுபவரையும் சில இடங்களில் பயிற்சியாளர் என்கிறார்கள், அதனால்தான் பயிற்றுநர்.

---

தம்பி, காரணம் பிடித்திருக்கிறது. ஆனால் "ஆடும் பயிற்றுநர்" என்றதும் எனக்குப் பரதநாட்டிய ஆசிரியைதான் கண்முன் வந்தார்!

---

ஐயா, அமெரிக்கக் காற்பந்துக் கட்டுரைக்குள் அந்தக் குழப்பம் வராது. சொற்பட்டியலில் தனியாக நிற்கும்போது வரும், ஒப்புக்கொள்கிறேன். அங்கே "விளையாடும் பயிற்றுநர்" என்று போட்டுவிடலாமா? பொல்லார்டின் 1921 வரியில் மட்டும் "இணை" சேர்க்க வேண்டும், டோபினும் இருந்தார் அல்லவா.

---

சரி, போடுங்கள். ஆனால் "இணை" முன்னால் வந்து "இணை விளையாடும் பயிற்றுநர்" என்றால் நாக்கு தடுக்குகிறது. அந்த ஒரு வரியை "இணைப் பயிற்றுநர், ஆட்டக்காரரும்" என்று பிரித்தே எழுதிவிடுங்கள்.