மரத்தளத்துக்கு எண்ணெய் பூசி ஐந்து நாளாகியும் பிசுபிசுக்கிறது. என்ன செய்யலாம்?

வேப்பநிழல்:
வீட்டுக்குப் பின்னால் திறந்தவெளியில் தேக்குப் பலகைத் தளம், போட்டு மூன்று வருடம் ஆகிறது. வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் பூத்துவிட்டது. பிரஷர் வாஷரால் அடித்துக் கழுவி, மறுநாளே லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) இரண்டு கோட் தாராளமாகப் பூசினேன். இன்னும் காயவில்லை. நடந்தால் செருப்பு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிறது. தூசியும் இலைத்துணுக்கும் அப்பிக் கிடக்கின்றன. போதாததற்குக் கடுகு போலக் கறுப்புப் புள்ளிகள் வேறு. இன்னொரு கோட் பூசினால் சரியாகுமா?

இழைப்புளி:
தயவுசெய்து பூசாதீர்கள். பச்சை லின்சீடா, சீக்கிரம் காய்வதற்கு மருந்து சேர்த்த பாயில்ட் லின்சீடா? பூசிய பின் மிச்சத்தைத் துடைத்தீர்களா? புள்ளிகள் ஆணியை ஒட்டியா, பலகை நடுவிலா?

வேப்பநிழல்:
பச்சைதான் அண்ணா. துடைக்கவில்லை, நன்றாக ஊறட்டும் என்று விட்டுவிட்டேன். புள்ளிகள் நிழல் விழுகிற பக்கம் நிறைய. ஆணித்தலைகளைச் சுற்றித் தனியாகக் கருநீல வளையமும் இருக்கிறது.

இழைப்புளி:
சரி, இப்போது புரிகிறது. லின்சீட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. மேலே தடிமனாக நின்றால் மேல்பக்கம் ஆடை கட்டும், அடியில் பல வாரம் ஈரமாகவே இருக்கும். தேக்குக்கு உள்ளேயே எண்ணெய் உண்டு, வெளியிலிருந்து கொஞ்சம்தான் குடிக்கும். கழுவிய ஈரமும் உள்ளே நின்றிருக்கும்.

முதலில் டர்பன்டைனில் நனைத்த நைலான் ஸ்க்ரப்பரால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, உடனே பழைய துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பலகை போதும். இரும்பு நார் வேண்டாம், அதன் துணுக்கு மரத்தில் சிக்கித் துருப்பிடித்துப் புதுக் கறை வரும்.

நிழல் பக்கத்துப் புள்ளிகள் பூஞ்சை. லின்சீட் அதற்குத் தீனி. சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜன் ப்ளீச்) தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் காயவிடாமல் வைத்து, மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஆணி வளையம் இரும்பு பட்டு வந்த கறை. அதற்கு ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல். முதல் கரைசல் முழுக்கப் போனபிறகுதான் இதைத் தொட வேண்டும், இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஆணிகளை ஸ்டெயின்லெஸ் திருகாக மாற்றாவிட்டால் வளையம் திரும்ப வரும்.

பிரஷர் வாஷர் மரத்தின் நார்களைக் கிளப்பியிருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். அதைவிட நைசாகப் போனால் எண்ணெய் இறங்காது. அப்புறம் டெக் ஆயிலை (வெளி மரத்தளத்துக்கென்றே விற்கும் எண்ணெய்), உச்சி வெயில் இல்லாத நேரத்தில், மெல்லிசாக ஒரே கோட். 15, 20 நிமிடத்தில் மேலே நிற்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். பலகையின் வெட்டுமுனைகள் மட்டும் கூடுதலாகக் குடிக்கும், அங்கே இன்னொரு தடவை தொட்டு வையுங்கள்.

உளிச்சத்தம்:
குறுக்கிடுகிறேன், இதை விட முடியாது. லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணியில் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். திறந்தவெளியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள்.

வேப்பநிழல்:
அய்யோ, துணிகளை வாளியில் அமுக்கி ஷெட்டில் வைத்திருந்தேன்! இதைப் படித்ததும் ஓடிப்போய் வெளியே விரித்துவிட்டேன். உங்களுக்கு மிகவும் நன்றி.

வேப்பநிழல் (பத்து நாள் கழித்து):
பிசுபிசுப்பு போய்விட்டது. புள்ளிகளும் போயின. ஆணி வளையம் ஒன்றிரண்டு மங்கலாகத் தெரிகிறது, திருகு மாற்றும் வேலை பாதியில் இருக்கிறது. டெக் ஆயில் பூசித் துடைத்த பலகையில் தேக்கு நிறம் திரும்பியிருக்கிறது. அடுத்த தடவை எப்போது பூசுவது?

இழைப்புளி:
நாள்கணக்கு வேண்டாம். தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் விட்டுவிடுங்கள், பலகை உறிஞ்சிக் கறுத்தால் பூசுங்கள். பலகை இடுக்கில் சேரும் சருகை மட்டும் அடிக்கடி கிளறி எடுத்துவிடுங்கள், ஈரம் தங்குவது அங்கேதான்.