வாசிக்காமல் விட்ட வேதத்தை மறுபடி திறக்கும்போது முதலில் வர வேண்டியது மனந்திரும்புதலா, வாசிப்பா?

கேள்வி

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு நெருங்கிய ஒருவர் ஆராதனைக்குத் தவறாமல் வருகிறார். ஆனால் தனி வேதவாசிப்பை விட்டுப் பல ஆண்டுகளாகின்றன. இப்போது திறந்தாலும், "இத்தனை காலம் அசட்டைபண்ணிய எனக்கு இதை வாசிக்க என்ன தகுதி?" என்று உள்ளம் குத்த, மூடிவைத்துவிடுகிறார். முதலில் மனந்திரும்பிவிட்டுத்தான் வாசிக்க வேண்டுமா, இருக்கிற நிலையிலேயே தொடங்கலாமா?

பதில்

சகோதரி, 2 இராஜாக்கள் 22-ஆம் அதிகாரத்தை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். யூதாவின் ராஜாவாகிய யோசியா அரசாண்ட 18-ஆம் வருஷத்தில், ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது, பிரதான ஆசாரியனாகிய இல்க்கியா நியாயப்பிரமாண புஸ்தகத்தை, அதாவது தேவனுடைய கட்டளைகள் எழுதிய புஸ்தகத்தை, கண்டெடுக்கிறான். அது காணாமற்போயிருந்த இடம் ஆலயமே என்பதைக் கவனியுங்கள். சம்பிரதியாகிய (ராஜாவின் எழுத்தனாகிய) சாப்பான் ராஜாவிடம் வந்து முதலில் பணக்கணக்கை ஒப்புவித்து, அதற்குப் பிறகே புஸ்தகத்தைப் பற்றிச் சொல்லி வாசிக்கிறான். அதைக் கேட்டதும் யோசியா துக்கத்தின் அடையாளமாகத் தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்கிறான். 2 நாளாகமம் 34-இன்படி, அதற்கு ஆறு வருஷங்களுக்கு முன்பே தேசத்திலிருந்து விக்கிரகங்களை அகற்றத் தொடங்கியவன் அவன். ஆயினும், "நான் ஏற்கெனவே எல்லாம் செய்துவிட்டேன்" என்று அவன் சொல்லவில்லை. கேட்ட வார்த்தையே அவனை நொறுக்கியது. ஆகவே உங்களுக்கு வேண்டியவர் தகுதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த வசனத்தைக் கேட்காமல் அவர் எதைக் கொண்டு மனந்திரும்புவார்?

மற்றொரு பதில்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் கேட்டால் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே யோசியாவின் குமாரன் யோயாக்கீம், எரேமியா தீர்க்கதரிசியின் சுருளில் மூன்று நாலு பத்திகள் வாசிக்கப்பட்டதும் அதைச் சூரிக்கத்தியால் அறுத்து, எரிகிற கணப்பில் போட்டான். சாப்பானின் குமாரன் கெமரியாவும் வேறு சிலரும் வேண்டாமென்று விண்ணப்பம்பண்ணியும் அவன் கேட்கவில்லை. அவனும் அவன் ஊழியக்காரரும் பயப்படவுமில்லை, தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்ளவுமில்லை என்று எரேமியா 36 வெளிப்படையாகச் சொல்கிறது. தகப்பனும் மகனும் கேட்டது கர்த்தருடைய வார்த்தைதான்; ஒருவன் அதன்கீழ் தன்னைத் தாழ்த்தினான், மற்றவன் தன்னை அதற்கு நியாயாதிபதியாக்கிக்கொண்டான். உங்களுக்கு நெருங்கியவருடைய உள்ளம் குத்தப்படுகிறது என்றால், அவர் யோயாக்கீமைப் போன்றவர் அல்ல. அதை அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அவர் வாசிக்கத் தொடங்கினால் அழுகையே மிஞ்சிவிடுமோ என்பதுதான் என் பயம்.

பதில்

நெகேமியா 8-இல் அதற்கு வழி இருக்கிறது. ஏழாம் மாதம் முதல் தேதியில், தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் வேதபாரகனாகிய எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசிக்கக் கேட்டு ஜனங்களெல்லாரும் அழுதார்கள். ஆலய ஊழியரான லேவியரோ, "துக்கப்படாதிருங்கள்" என்று அவர்களை அமர்த்தினார்கள். பாவ அறிக்கை அந்த மாதத்தின் 24-ஆம் தேதியில் வந்தது. அன்று பகலில் கால்பங்கு நேரம் வாசித்து, இன்னொரு கால்பங்கு நேரம் அறிக்கைபண்ணிப் பணிந்துகொண்டார்கள். அவரும் அப்படியே செய்யலாம்: ஒரு பகுதியைச் சத்தமாக வாசித்து, குத்தப்பட்ட வசனத்தில் நின்று, அதையே ஜெபமாக்கட்டும். தொடங்க வார்த்தை கிடைக்காவிட்டால், 119-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைக் கொடுங்கள். 175 வசனங்களில் வேதத்தை நேசித்துப் பாடியவரே அங்கே, "காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன், உமது அடியேனைத் தேடுவீராக" என்று கேட்கிறார்.